கேள்வி எண் நாற்பத்தொன்று

வெயிலுகந்த பிள்ளை பதிமூன்று வருஷம்
கவுன்சில் மெம்பராக இருந்தார்.
கேள்விகளெல்லாம் நான் எழுதினது.
குமாஸ்தா சம்பளம், மாதம் பதினெட்டு ரூபாய்.
எழுந்து நின்றதும்
அங்கவஸ்திரத்தை இழுத்துவிட்டுக்கொண்டதும் அவர்.

முதல் தடவை ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில்
வழியனுப்ப இருநூறு பேர்.
எலுமிச்சம்பழம் மட்டும் ஒரு கோணி.
மணியாச்சி தாண்டுமுன் பாதி அழுகிவிட்டது.
மீதியை மந்திரிக்குக் கொடுத்தோம்.

வடகாலுக்குக் குறுக்கே, பொட்டல்விளையில்,
ஒரு பாலம். அதுதான் கேள்வி.
முதல் வருஷம்: விஷயம் பரிசீலனையில் உள்ளது.
நாலாம் வருஷம்: எஸ்டிமேட் கலெக்டரிடம் உள்ளது.
ஒன்பதாம் வருஷம்:
மெம்பர் எந்தப் பாலத்தைக் குறிப்பிடுகிறார்?

இடையில் மச்சினன் அரைவை மில்லுக்கு
கப்பி ரோடு வந்தது.
அதற்குக் கேள்வி நான் எழுதவில்லை.
யாரும் கேட்கவுமில்லை.

ஒரே ஒரு நாள்
என் காகிதத்தை நாலாக மடித்துவிட்டு
தமிழில் பேசினார்.
ஐப்பசி வெள்ளம், வண்டி, நடுவாய்க்காலில் அச்சு முறிந்தது,
உள்ளே பிள்ளைத்தாய்ச்சி,
அவள் பெயர், அவள் புருஷன் பெயர்,
மாட்டின் நிறம்கூடச் சொன்னார்.
மணி அடித்தார்கள். உட்கார்ந்தார்.
அச்சான புத்தகத்தில் ஒரு வரி:
'மெம்பர் சுதேச பாஷையில் பேசினார்.'
நான் கேலரியில் இருந்தேன்.
அந்தப் பெயர் எனக்கும் நினைவில்லை.

பிறகு ராவ்சாகிப் பட்டம், மோட்டார்,
காலில் நீர்.
பிறகு மஞ்சள் பெட்டி வந்தது.
ஊர் ஊராய்ப் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தது.
எங்களுக்குக் கிடைத்தது பச்சை.
'நெல்லு நிறம் வே, நல்லதுதான்' என்றார்.
பொட்டல்விளைக்கு ஓட்டுக் கேட்கப் போகையில்
மோட்டாரை இக்கரையில் விட்டு
வேட்டியைத் தொடைவரை தூக்கிக்கொண்டு
வாய்க்காலில் இறங்கினார்.
அக்கரையில் பார்த்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை.
சிரித்திருக்கலாம்.

எண்ணிக்கை அன்று
பச்சைப் பெட்டி சீக்கிரம் முடிந்துவிட்டது.
அடியில், ஓட்டுச் சீட்டோடு சீட்டாக,
நோட்டுத்தாள் ஒன்று. பென்சில் எழுத்து.
'எஜமான் சமூகத்துக்கு,
வடகால் பாலம் விஷயமாக.'
கீழே பதினோரு கைநாட்டு.

ஆபீசர் திருப்பிப் பார்த்தார்.
செல்லாது என்று தனியே வைத்தார்.
பிள்ளை கை நீட்டி அதை வாங்கினார்,
மூக்குக்கண்ணாடியைத் தேடினார்,
கண்ணாடி நெற்றியில்தான் இருந்தது.

'இது எத்தனையாவது வே?'

'நாப்பத்தொண்ணு' என்றேன்.

மஞ்சள் பெட்டியை
அப்போதுதான் ரெண்டு பேர் சேர்ந்து
தூக்கி வந்தார்கள்.