பெரிய டிரம்

மேட்டூரை அடைக்க இன்னும் இரண்டு நாள் இருந்தது,
அதனால்தான் வாய்க்காலில் தண்ணீர் இருந்தது.
இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
குடியரசு தினம் ஒரு வாரம் தள்ளி வந்திருந்தால்
சேற்றில் விழுந்திருப்பேன்,
கதை வேறு.

நீடாமங்கலத்தில் எந்த ஊர்வலமும்
ரயில்வே கேட்டில் நின்றுதான் போகும்.
மாப்பிள்ளை அழைப்பு, கட்சிக் கொடி, பிணம்.
நாங்களும் நின்றோம்.
முன்னால் நாலு புல்லாங்குழல்,
பின்னால் சைடு டிரம்கள்,
நடுவில் நான், என் வயிற்றின் மேல் பெரிய டிரம்.
அதன் தோலில் சிவப்பாக
அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளி.
அதைவிடப் பெரிதாக
உபயம்: செங்கமலம் மாடர்ன் ரைஸ் மில்.

நெல் ஏற்றிய கூட்ஸ் வண்டி.
நின்ற இடத்திலேயே கால் மாற்றச் சொன்னார்
பி.டி. டீச்சர் வேதவல்லி.
டம். டம். டம்.
என் டம் நின்றால் முந்நூறு ஜோடிக் கால் நின்றுவிடும்.
பதினான்கு வயதில்
அத்தனை கால்களுக்கும் நான் முதலாளி.

விடிந்ததிலிருந்தே அடிவயிற்றில்
யாரோ ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தார்கள்.
டிரம்மின் பாரம் என்று நினைத்தேன்.
பெட்டிகளை எண்ணினால் வலி தெரியாது என்று எண்ணினேன்.

முப்பத்தேழாவது பெட்டியில்
சைடு டிரம்மை நிறுத்தாமல்
உதடும் அசையாமல் ஆபிதா சொன்னாள்:
"ஏய் தேன்மொழி. பாவாடை. பின்னாடி."

வெள்ளைப் பாவாடை. வெள்ளை ஷூ.
கேட் திறந்தால் எங்கள் பின்னாலேயே
ஆண்கள் பள்ளி, ஆறு வரிசை.
பெரிய டிரம் முன்பக்கத்தை முழுசாக மறைக்கும்.
பின்பக்கத்துக்கு அது ஒன்றும் செய்யாது.

முப்பத்தெட்டு.
முப்பத்தொன்பது.

கொக்கி கழன்றுவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள்.
கொக்கிகள் கழலும்தான்.

உருண்டது,
கரைச் சரிவில் கல்லுக்குக் கல் ஒரு டம் போட்டு,
கடைசியாக ஒரு தொப்.
பிறகு உபயத்தை வானத்துக்குக் காட்டியபடி
பந்திக்குப் போகிற சம்பந்தி மாதிரி
அவசரமில்லாமல் மிதந்து போனது.
நான் குதித்தேன்.

மார்பளவு தண்ணீர், டீ நிறம்.
அதற்குள் போனால் எல்லாம் டீ நிறம்தான்.

மேலே முந்நூறு பேரும் கால் தப்பினார்கள்.
புல்லாங்குழல் நாலும் நாலு பாட்டுக்குப் பிரிந்தன.
ஆண்கள் பள்ளி விசிலடித்தது.
"தவளை! தவளை!"
(பன்னிரண்டாம் வகுப்பு வரை அதுதான் என் பெயர்.)
கேட் திறந்தது. யாரும் தாண்டவில்லை.
மதகடியில் வாத்துக்காரர் ஒருவர்
தன் கோலால் டிரம்மை மடக்கி
எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கேட்டார்:
"மில்லுச் சாமானா தாயி?"

கிடைச்சாச்சுல்ல, ஏறி வாடி என்றார் டீச்சர்.
ஏறவில்லை.
அதட்டினார். ஏறவில்லை.
எனக்குத் தண்ணீர் மட்டும்தான் உடுப்பு.

அப்போது ஆபிதா
சைடு டிரம்மைக் கழற்றி
மதகுக் கட்டையில் ஒழுங்காக வைத்தாள்,
மேலே குச்சிகளைக் குறுக்காக வைத்தாள்,
மூக்கைப் பிடித்துக்கொண்டு குதித்தாள்.
வீடு வரைக்கும் என் முதுகை ஒட்டியே நடந்தாள்,
இரண்டு பேருக்கு ஒரே நிழல் போல.
வழியில் எதுவும் பேசவில்லை,
ஒருமுறை மட்டும் தும்மினாள்.

ஆண்டு விழாவில்
பள்ளி உடைமையைக் காத்த துணிவுக்காக
மில் முதலாளி கையால்
இரண்டடுக்கு எவர்சில்வர் கேரியர் கொடுத்தார்கள்.
கைதட்டினார்கள்.
வார் தைத்த குழந்தைசாமிக்கு
கூலியைப் பிடித்துக்கொண்டார்கள்.
பேருந்து நிலையத்தில் அவர் குடையைத் தாண்டாமல்
எதிர்ச்சாரியிலேயே போய் வந்தேன் மூன்று வருஷம்.
செருப்பு அறுந்தால் கையில் எடுத்துக்கொண்டு.

டிரம் வெயிலில் காய்ந்தது.
தோல் காய்ந்தது, எழுத்து காய்ந்தது,
டம் மட்டும் திரும்பவில்லை.
திங்கள்தோறும் காலை வணக்கத்தில்
நான் அடிப்பேன்,
தொப்.
முந்நூறு பேரும் சிரிக்காமல்
இடது காலை எடுத்து வைப்பார்கள்.
ஆபிதா மட்டும் சிரிப்பாள்.