முக்கால் அங்குலம்

பிரின்ஸ் ரூபர்ட்டில்
மழை பெய்தால் யாரும் அதைப் பேசுவதில்லை.
நின்றால்தான் பேச்சு.

தாக்ஃபின் வீட்டு மேற்குச் சுவரில்
உளியை வைத்தேன். தட்டக்கூட இல்லை.
பாலில் ஊறிய ரொட்டிக்குள் போவதுபோல் போயிற்று.
வெளியே பூச்சு
ஒரு விரிசலும் காட்டாமல்
கடன்காரன் முன் சிரிப்பவன்போல் நின்றது.
உள்ளே பலகை கறுத்து,
ஆணிகள் இருந்த இடத்தில் துரு மட்டும் இருந்து,
ஜன்னலின் கீழ்மூலையில்
காதுமடல் அளவுக்கு ஒரு காளான்.

முப்பது வருடம் ஹாலிபட் பிடித்தவர்.
படகு ஒருநாளும் ஒழுகியதில்லை.
"தண்ணீர் எப்படி உள்ளே வந்தது, டெல்ஃபினா?"

எப்படியாவது வரும்.
வந்தது எந்த வழியே வெளியேறும் என்று
இந்த வீட்டை வரைந்தவன் யோசிக்கவில்லை.

சமையலறை மேசையில் மாதிரித் துண்டுகளைப் பரப்பினேன்.
லொரெட்டா நிறத்திலிருந்து தொடங்கினாள்.
புகை, ஓட்ஸ் கஞ்சி, சிப்பி ஓட்டின் உட்புறம்.
சித்திரத்துக்கு முன் சுவர் வேண்டும் என்றேன்,
சுவருக்கும் முன்னால் ஒன்று வேண்டும், அதற்குப் பிறகு வருவோம்.
நுரைத்தகடு கதகதப்பு, எடையில்லை,
ஆனால் ஏப்ரலில் மரங்கொத்தி வந்து
தன் வீட்டுக்குக் கதவு வைத்துவிடும்.
சிமெண்ட் பலகை கனம்.
வெட்டினால் தூசி, தூக்கினால் முதுகு.
நனையும். உப்பாது. அழுகாது.
அதையே எடுத்தார்கள்.

விலைப்பட்டியலின் ஆறாவது வரியில்
தாக்ஃபின் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.
"பலகைக்குப் பின்னால் காலி இடம், முக்கால் அங்குலம்:
நாலாயிரத்து முந்நூறு டாலர்."
"ஒன்றுமில்லாததற்கா?"

நான் வாயைத் திறக்குமுன் லொரெட்டா,
நிறங்களிலிருந்து தலை நிமிராமலே,
"உன் படகின் தளத்தோரம்
எதற்கு அத்தனை ஓட்டைகள்?" என்றாள்.

கொஞ்ச நேரம்
குளிர்பதனப் பெட்டிதான் பேசியது.
பிறகு பேனா கேட்டார்.

செப்டம்பரில் ஐந்து வறண்ட நாட்கள் வாய்த்தன.
கீழிருந்து மேலாக, மேலது கீழதன்மேல் விழ,
செதில் செதிலாக நீர்த்தடுப்புத் தாள்.
அதன்மேல் நெட்டுக்குத்தாகச் சட்டங்கள்.
அதன்மேல் பலகை,
பலகைக்கும் பலகைக்கும் நடுவே
ஒரு நாணயம் நுழையும் இடம்.
மூட்டுக்கு வலைநாடா, வலைக்கு அடிப்பூச்சு.
தாக்ஃபின் காபியோடு வந்து
திருகாணிகளை விரலால் எண்ணினார்.
"மூன்றாம் வரிசையில் ஒன்று குறைகிறது."
குறைந்தது. எனக்குக் காது சுட்டது.

ஆறாம் நாள் மழை.
தார்ப்பாய் கட்டிவிட்டு வேனுக்குள் உட்கார்ந்தோம்.
வெண்டல் சீட்டாட்டத்தில் எட்டு முறை ஜெயித்தான்.
ஐந்து டிகிரிக்குக் கீழே பூச்சுப் போட்டால்
அது இறுகாது, இறுகியதாகப் பொய் சொல்லும்.
காத்திருக்கக் கூலி கிடையாது,
அதைப் பட்டியலில் எழுத
இன்னும் துணிச்சல் வரவில்லை.

கடைசி நாள்.
சுவரின் அடிவிளிம்பில், குனிந்து,
நாக்கை லேசாக வெளியே நீட்டியபடி
வெண்டல் அந்த இடுக்கைப் பசையால் அடைத்துக்கொண்டிருந்தான்.
அழகாக. ஒரே கோடாக.
சாரத்தின் மேலிருந்து நான் கத்தியதில்
பக்கத்து வீட்டு நாய் ஒளிந்துகொண்டது.
மூன்றடி நீளம். அரைமணி சுரண்டினோம்.
அக்கறையாலும் சுவர் சாகும், வெண்டல்.

நிறம், சிப்பி ஓட்டின் உட்புறம்.
மழையில் பார்த்தால்
எல்லா வீடும் ஈரத்தின் நிறம்தான்.

நவம்பரில், இரவு பதினொன்றே காலுக்கு போன்.
"சுவரிலிருந்து சொட்டுகிறது."
எழுந்து உட்கார்ந்தேன். எங்கே?
"அடியில்."
உள்ளேயா, வெளியேயா?
டார்ச்சோடு போகும் காலடி, ஈரப் புல், மூச்சு.
"வெளியே."
எண்ணுங்கள்.

எண்ணினார்.
நிமிடத்துக்கு நாலு.
"சரி" என்றேன். "சரி" என்றார்.
இருவருமே போனை வைக்கவில்லை.
அந்தப் பக்கத்து மழையும்
இந்தப் பக்கத்து மழையும்
கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தன.
ஐந்தாவது சொட்டு விழுந்ததும்
அவர்தான் முதலில் சிரித்தார்.