பொருத்தம் பார்த்தல்

எங்கள் தொழிலில் எல்லாப் பெயரும் கடிதான்.
கீழுதட்டின் ஓரத்துக்கு ஒன்றாய் இரண்டு: பாம்புக்கடி.
ஒரே பக்கம் நெருக்கி இரண்டு: சிலந்திக்கடி.
பக்கத்துக்கு இரண்டாய் நான்கு என்றால் சுறா.
ஊசி பிடிப்பது நான்.
பெயர் மட்டும் ஏதேதோ பிராணிகளுக்குப் போகிறது.

இல்போ சுறாக்காரன்.
தம்பெரே நகரத்தில் டிராம் ஓட்டுகிறான், வயது நாற்பத்தொன்று.
செப்டம்பரில் குத்தியது.
வீக்கத்துக்கு இடம்விட்டுப் போட்ட நீளத் தண்டுகள்
"தாமதத்துக்கு மன்னிக்கவும்" என்று மைக்கில் சொல்லும்போதெல்லாம்
பல்லில் இடிக்க,
யாரோ கதவைத் தட்டுவதாய்ப்
பயணிகள் திரும்பிப் பார்க்கிறார்களாம்.

ஜனவரி. வெளியே மைனஸ் இருபத்து மூன்று.
மதியம் மூன்றுக்கே விளக்குப் போட்டாயிற்று.
ஆவியில் வெந்து ஆறிய தட்டை முன்னால் வைத்தேன்:
ஓப்பல் பதித்தவை, கறுப்பு நயோபியம்,
குதிரைலாட வளையம், கடுகளவு பந்து,
ஈறு தேயாமலிருக்க எல்லாவற்றின் முதுகிலும்
தட்டையாய் ஒரு வட்டு.
அவன் விரல் நேரே ஓப்பலுக்குப் போனது.
நான்குமே ஓப்பல். நீலம், பச்சை, மறுபடி நீலம், மறுபடி பச்சை.

"பொறு" என்றாள் ராக்கேல்.
கூட வந்தவள்.
ஏழு வயதிலிருந்து காது கேட்காது.
ஊர் பேசுவதை உதடு பார்த்தே தெரிந்துகொள்கிறவள்;
அதிலும் இவன் வாயைப்
பத்தொன்பது வருடமாய்ப் பார்க்கிறவள்.

நாற்காலியை இழுத்து அவனுக்கு எதிரே போட்டாள்.
கண் டாக்டர் கண்ணாடியை மாற்றி மாற்றிக் கேட்பாரே,
அப்படி நான் ஒவ்வொன்றாய் மாட்டிவிட,
அவள் மூன்றே வார்த்தை சொல்லச் சொன்னாள்.
பூரோ. மைதோ. வைமோ.
கஞ்சி. பால். மனைவி.

ஓப்பலுக்கு:
"விளக்கு அடிக்கிறது. கஞ்சி தெரிகிறது, பால் தெரிகிறது,
மனைவியைக் காணோம்."
நான்கும் வளையமானால்:
"வாய்க்குப் பூட்டுப் போட்ட மாதிரி."
நடுவில் கூர்முனை:
"யாரைத் திட்டுகிறாய்?"
"பால் என்றுதானே சொன்னேன்."
"பாலைத்தான் திட்டுகிறாய்."

எனக்குக் கொஞ்சம் ரோஷமாய் இருந்தது.
பதினோரு வருடம், எத்தனை உதடு.
தடித்ததற்குச் சிறு பந்து,
மெலிந்ததற்கு ஒட்டிய வளையம்,
தாடிக்காரனுக்குத் தங்கம் வேண்டாம் என்று
ஒரு நோட்டுப் புத்தகமே வைத்திருக்கிறேன்.
அதில் இருப்பதெல்லாம் மூடிய வாய்.
கண்ணாடிமுன் உட்கார்ந்து
யாரும் பேசிப் பார்த்ததில்லை.

கடைசியில் ஐந்தாவது சுற்று.
வெளித்துளை இரண்டிலும் உதட்டோடு படிந்த மெல்லிய வளையம்.
வாயின் மூலையை அது காட்டிக்கொடுக்கிறதாம்,
ஓ எங்கே குவிகிறது, ஈ எங்கே விரிகிறது என்று.
உள்ளே இரண்டும் மினுங்காத கறுப்புப் புள்ளி.
பூரோ. மைதோ. வைமோ.
அவள் தலையாட்டினாள்.

"ஒரே ஒரு ஓப்பல்?" என்று கெஞ்சினான்.
"லீவு நாளில் போட்டுக்கொள். அன்றைக்குப் பேசாதே."

பிறகு அவன் சத்தமில்லாமல் ஏதோ சொன்னான்.
நீளமாய்.
ஊசி பிடித்த கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தும்
எனக்கு ஓர் எழுத்தும் பிடிபடவில்லை.
ராக்கேல் என் பக்கம் திரும்பி,
"எல்லாம் தெளிவாய்த் தெரிகிறது" என்றாள்.
"கெட்ட வார்த்தை உட்பட."

நூற்றுப் பன்னிரண்டு யூரோ. பழைய தண்டுகளைப் பொட்டலம் கட்டினேன்.
கழுவுவதற்கு உப்புநீர், இரவில் ரத்தப் பொரியல் இப்போதைக்கு
சூடாய்த் தின்னவேண்டாம், வழக்கமான பாடம்.
குளிர்காற்றில் உலோகம் சில்லிடும், உதட்டை மூடிக்கொள் என்றும் சொன்னேன்.
அந்தக் கடிக்கு யாரும் காசு தருவதில்லை.

கதவுக்கு வெளியே போனதும்
கம்பளித் துண்டை மூக்குவரை இழுத்துக்கொண்டான்.
ஜன்னல் வழியே பார்த்தேன்:
டிராம் நிறுத்தத்தில், அத்தனை குளிரில்,
கையுறையைக் கழற்றிவிட்டு
ஒற்றை விரலால் அவள்
துண்டைக் கீழே இறக்கினாள்.