பித்தளை மூடி

சாவி வழக்கம்போல
படகுக் கொட்டகையில், இடது கால் பூட்ஸுக்குள்.
இந்த முறை அதில் ஓர் எலி குடித்தனம் நடத்தியிருந்தது.
துயா அலறினாள்,
அலறியதற்காக எலியிடம் மன்னிப்பும் கேட்டாள்.

குவோபியோவிலிருந்து மூன்று மணி நேரம்.
மே மாதம், இரண்டாம் வெள்ளி.
பாதி வாடகைக்குக் கிடைக்கிற கடைசி வாரம்.
கொசு இன்னும் பிறக்கவில்லை.
ஏரியின் பனிக்கட்டி செவ்வாயன்றுதான் விட்டதாம்.
வடகரை நாணலுக்குள் மட்டும்
அழுக்கு வெள்ளையில் ஒரு துண்டு,
பந்தி முடிந்தும் எழுந்துபோகாத விருந்தாளி.

பன்னிரண்டு வசந்தமாக வருகிறோம்.
ஐந்து பேர், ஐந்து படுக்கை.
மேல்தட்டு யார்க்கோவுடையது.
ஆறடி நாலங்குல உடம்பு,
காலை நீட்டினால் சுவர் இடிக்கும்,
இருந்தும் கீழே வரமாட்டான்.
இந்த வருஷம் அதன்மேல் கோட்டுகள் கிடந்தன.
யாரும் முதலில் போடவில்லை.
எப்படியோ நான்கும் அங்கே இருந்தன.

ஒரு படகு எஞ்சின்.
பாதிப் பணம் யார்க்கோ, மீதி பெத்தேரி.
விற்றபோது கணக்கு உதைத்தது,
எழுநூறு யூரோ.
இருபத்தாறு வருஷச் சிநேகத்தை எழுநூறால் வகுத்தால்
யூரோவுக்குப் பதின்மூன்றரை நாள் வருகிறது.
கணக்கு டீச்சர் நான். போட்டுப் பார்த்தேன்,
சொல்லவில்லை.

பம்பு உறுமியது. தண்ணீர் வரவில்லை.
ஒவ்வொரு வசந்தத்திலும் அதை எழுப்புகிறவன் யார்க்கோ.
அந்நேரம் நாங்கள் சாசேஜ் பிரித்துக்கொண்டிருப்போம்,
ஒருத்தரும் பார்த்ததில்லை.
சுவரில் ஒட்டிய செய்முறைக் காகிதத்தை
மூன்றாம் வரிக்குக் கீழே ஈரம் தின்றிருந்தது.
பெத்தேரி ஒரு உதை விட்டான்.
'பாடுகிற மாட்டைப் பாடித்தான் கறக்கணும்' என்றாள் ஹெல்யா,
பாடவும் செய்தாள்.
உறுமல் ஒன்றுதான் மிச்சம்.

சவுனாவுக்கு ஏரியிலிருந்து வாளி வாளியாகச் சுமந்தோம்.
மூன்று டிகிரித் தண்ணீர்
கைப்பிடி வழியாக எலும்புக்குள் ஏறியது.
பிர்ச் மரங்களில் இலை என்று சொல்ல எதுவுமில்லை,
பச்சையாக ஒரு சந்தேகம், அவ்வளவுதான்.

ஒன்பதரை மணி, வெளிச்சம் போகவில்லை.
மரத்துறையின் கடைசிப் பலகையில் பெத்தேரி.
செல்போனுக்குச் சிக்னல் கிடைப்பது அங்கே மட்டும்தான்.
காதில் வைத்தான்.
வணக்கம் இல்லை, நலமா இல்லை.
'பம்பு' என்றான்.

ஏரி முழுக்கக் கேட்கிற மௌனம்.

பிறகு அவன் கத்தினான்: 'மேலே பித்தளை மூடி!'
பைன் மரத்தடியில் துயா: 'பித்தளை மூடி!'
கொட்டகை வாசலில் ஹெல்யா: 'பித்தளை!'
உள்ளே மண்டியிட்டு, வாயில் டார்ச்சோடு நான்.
'திற! தண்ணீர் ஊற்று! வழிகிறவரைக்கும்!'
'எவ்வளவு?' என்று என் கேள்வி
மூன்று வாய் மாறித் துறைக்குப் போய்
முன்னூறு கிலோமீட்டர் தாண்டி
ஒரு சமையலறைக்குள் நுழைந்து திரும்பி வந்தது:
'வெறும் வயிற்றோடு அது இழுக்காது.
ஒரு வாளி கொடு.'

கொடுத்தேன்.
இருமியது.
துருச் சிவப்பு, சேறு, செத்த தட்டான் ஒன்று,
மறுபடி இருமல்,
அப்புறம் தெளிவாக, நிற்காமல்.

நாங்கள் போட்ட கூச்சல் அவனுக்கும் கேட்டிருக்கிறது.
'பனி எப்போ விட்டது?' என்று விசாரித்தானாம்.
'செவ்வாய்.'
'ம்.'
அவ்வளவே பேச்சு என்றான் பெத்தேரி, சவுனாவில்,
கல்லில் தண்ணீரை வீசிக்கொண்டே.
ஆவியில் அவன் முகம் சரியாகத் தெரியவில்லை.

ஞாயிறு, கிளம்பும் நேரம்.
உறைபனி ராத்திரிகள் இன்னும் பாக்கி,
பம்பைக் காலி செய்துவிட்டுப் போக வேண்டும்.
எப்படி என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை.
பித்தளை மூடிக்குக் கீழே
'வடிக்க' என்று எழுதி, அம்புக்குறி போட்ட திருகு ஒன்று இருந்தது.
துயா அதன்மேல் துண்டைப் போட்டாள்.
'தெரியலையே' என்றாள் ஹெல்யா.
'தெரியலை' என்றேன் நானும்.

பெத்தேரி எங்களைப் பார்த்தான், துண்டைப் பார்த்தான்.
போனை எடுத்துக்கொண்டு
துறைப் பக்கம் நடந்தான்.