மாடல் ஆண்டு

முந்தின வருஷம் அது டிரெயில்.
போன வருஷம் ஆல் மவுண்டன்.
இந்த வருஷம் அட்டைப்பெட்டியின்மேல்
டவுன்கன்ட்ரி என்று வந்து இறங்கியது
வண்ணார்பேட்டை பைபாஸில், பார்சல் லாரியிலிருந்து,
நான் கையெழுத்துப் போட்ட மூன்று பெட்டிகளில்.

"டவுனுக்குப் போறவனுக்கா எக்கா,
ஜங்ஷனுக்குப் போறவனுக்கா?"
என்றான் மீரான், பெட்டியைக் கிழித்துக்கொண்டே.
சிரிக்க நேரமில்லை.
மதுரையிலிருந்து ஏரியா மேனேஜர் வீடியோவில் வந்துவிட்டார்.
இனி யாரும் 'நம்பிக்கை' என்று சொல்லக்கூடாதாம்,
'விளையாட்டு' என்று சொல்ல வேண்டுமாம்.
போன வருஷம் இதே மனுஷர்தான்
விளையாட்டை விட்டுவிடுங்கள், நம்பிக்கையை விற்றுத் தாருங்கள் என்றார்.
அந்த நோட்டு இன்னும் என் மேஜையில் கிடக்கிறது,
நம்பிக்கைக்கு அடியில் இரண்டு கோடு போட்டு.

கேட்லாகில் ஒருவன் பனிமேல் பறக்கிறான்.
எங்கள் பக்கம் மணிமுத்தாறு செக்போஸ்ட்டில்
டயரின் தடிமனைப் பார்த்ததுமே
கையை ஆட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.
மலை வண்டியில் மலையைப் பார்க்கலாம்.
பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடாத
முருகன்குறிச்சித் தெருவில்தான்
பின் சஸ்பென்ஷன் முழுசாக இறங்கி ஏறும்.
இதை நான் வாங்க வருகிறவர்களிடம் சொன்னதில்லை.
ஒரு பல் டாக்டரிடம் சொன்னேன். அவர் வாங்கிவிட்டார்.

கடை அடைத்தபின் மீரான்
பழையதையும் புதியதையும் கழற்றிப் பக்கத்தில் வைத்தான்.
பேரிங் நம்பர் ஒன்று.
லிங்க் ஒன்று. வெல்டிங்கில்
லேசாகக் கொப்பளித்த அந்த இடம்கூட ஒன்று.
புதியதன் ஷாக்குக்குள் மட்டும் ஒரு பிளாஸ்டிக் வளையம்.
அதனால் ஆட்டம் இருபது மில்லிமீட்டர் குறைந்து
விலை இருபத்திரண்டாயிரம் கூடியிருந்தது.
"வளையம் முப்பது ரூவா பெறுமா?"
"பெறாது. பேருதான் பெறும்."

லிங்கதுரை வந்தது ஆனிக் காற்றில்.
ராதாபுரம் பக்கம் காற்றாலை டெக்னீஷியன்,
எண்பது மீட்டர் ஏணியில் தேய்ந்த முழங்கால்.
எந்த ரகம் என்று அவர் கேட்கவேயில்லை.
"ஒம்பது கிலோ டூல் பை முதுகுல இருக்கும்.
தேரி ஓரமா திசையன்விளை வரைக்கும் வரணும்.
இடுப்பு தாங்குமா?"
கேட்லாகில் இதற்குப் பக்கம் இல்லை.
மீரான் அவரைப் பையோடு ஏறி உட்காரச் சொன்னான்.
ஷாக்கில் காற்றடித்தான், குனிந்து பார்த்தான்,
கொஞ்சம் விட்டான், மறுபடி கொஞ்சம் அடித்தான்.
அரைமணி நேரம் யாரும் பேசவில்லை.
பிறகு அவர், "ம்" என்றார்.

போன வருஷத்து ஸ்டாக், தள்ளுபடி விலை.
"புதுப் பேரு ஸ்டிக்கர் ஒண்ணு மிச்சம் கிடக்கு,
ஒட்டித் தாரேன், காசு வேண்டாம்" என்றான் மீரான்.
"இருக்கதையும் உரிச்சிருங்க. ஒண்ணும் வேண்டாம்."
உரித்தோம். கறுப்புச் சட்டம்
மொட்டையாகப் புறப்பட்டுப் போனது.

புரட்டாசியில் சர்வீசுக்கு வந்தது.
ஸ்டிக்கர் போன இடத்தில் பசை போகவில்லை போல.
பசைமேல் தேரிமண் படிந்து படிந்து
செக்கச்செவேலென்று, எழுத்து எழுத்தாக
ஆல் மவுண்டன்.
கடைசி எழுத்தில் பாதியை மட்டும்
அவர் கால்சட்டை தேய்த்து எடுத்திருந்தது.

மீரான் மண்ணெண்ணெய்த் துணியோடு குனிந்தான்.
லிங்கதுரை வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தார்.
"செயினுக்கு மட்டும் போடு" என்றேன்.