பதினெட்டு சதவீதம்

திரும்புவதற்கு எனக்கு அனுமதிக்கப்பட்டது
பதினெட்டு சதவீதம்.
யார் அனுமதித்தது என்று கேட்டால்
தொழிற்சாலை என்றார்கள்.
தொழிற்சாலை என் சமையலறையைப் பார்த்ததில்லை.
குளிர்பெட்டியிலிருந்து அடுப்புப் பக்கம்
நான் திரும்பி முடிப்பதற்குள்
பால் பொங்கி வழிந்து
அடங்கியும் போயிருக்கும்.

டுலூத் நகரமே ஏரியைப் பார்த்துச் சரிந்து கிடக்கிறது.
சரிவுக்குக் குறுக்கே போனால்
நாற்காலி தன்பாட்டுக்குக் கீழே ஒதுங்கும்,
தண்ணீர் கண்ட மாடு மாதிரி.
ஜாய்ஸ்டிக்கை மேட்டுப்பக்கம்
இழுத்துப் பிடித்தபடியே போவேன்.
பன்னிரண்டு வருடமாக
நேராகப் போவதென்றால் எனக்கு அதுதான்.

கடைக்காரர் ஆறு வாரம் ஆகும் என்றார்.
வெர்லின் சனிக்கிழமை வா என்றான்.

வெர்லின் ஹாகன், பனிவண்டி மெக்கானிக்.
அவன் கொட்டகையில் பெட்ரோலும்
ஈரக் கம்பளியும் மணக்கும்.
எங்கேயோ பழையதாக வாங்கிய புரோகிராமர்,
உள்ளங்கை அளவு, ஒரு மூலை உடைந்தது.
செருகியதும்
இத்தனை நாள் என்னிடம் மூச்சுவிடாததையெல்லாம்
என் நாற்காலி
அவனிடம் சொல்லத் தொடங்கியது.

முதல் வேலையாகப் பழைய எண்களை
ஸ்பார்க் பிளக் ரசீதின் பின்பக்கம்
ஒன்று விடாமல் எழுதிக்கொண்டான்.
"திரும்பி வர வழி தெரியாமல்
காட்டுக்குள் போகக்கூடாது, கார்லீன்."

வேகம், அறுபதிலிருந்து எண்பத்தைந்து.
திருப்பம், முப்பது.
விரலை எள்ளளவு அசைத்தேன்.
கொட்டகை என்னைச் சுற்றி ஓடியது.
உப்பு வாளி, எண்ணெய்த் தட்டு,
அவன் நாய் எகிறிக் குதித்த குதி.
நின்றபோது கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.
போக நினைத்தது சுவர்ப்பக்கம்.
முப்பத்தொன்பது வயதில் முதல்முறையாக
என் சொந்தச் செலவில்
எனக்குத் தலைசுற்றியது.

அப்புறம் பொறுமையான வேலை.
திருப்பம் இருபத்திரண்டு.
திரும்பத் தொடங்கும் அவசரத்தைக் குறை.
நிற்பதைக் கூட்டு,
கையை விட்டால் நிற்கணும்,
யோசித்துவிட்டு நிற்கக்கூடாது.
மோட்டாருக்கு முட்டு கொடுக்கும் எண் ஒன்று.
ஏற்றினால் வாசற்படியை மூச்சுத் திணறாமல் ஏறியது,
இன்னும் ஏற்றினால்
நின்ற இடத்திலேயே சிலிர்த்தது.
இரண்டு புள்ளி இறக்கினான்.

பிறகு வந்தது நடுக்கம் அடக்கல்.

என் கை நடுங்கும்.
தொழிற்சாலைக்கு அது தெரிந்திருக்கிறது.
அதனால் நான் சொல்வதையெல்லாம்
இவள் சொன்னதா, நடுக்கம் சொன்னதா என்று
கொஞ்சம் காத்திருந்து பார்த்துத்தான்
செய்யுமாம்.
இத்தனை வருடம் அந்த அரை விநாடியை
மோட்டாரின் வயது என்று நினைத்திருந்தேன்.

எண்பதில் இருந்தது.
"எவ்வளவு வைக்கட்டும்?"
அதுவரை யாரும் கேட்காத கேள்வி.
முகத்தைத் திருப்பிக்கொண்டு
நாற்பது என்றேன்.
நாற்பதில் நான் நடுங்க
நாற்காலியும் கூடவே நடுங்கியது,
குளிர்காயும் இரண்டு பேர் மாதிரி.
ஐம்பத்தைந்து.
அதில் என் நடுக்கம் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.
இருக்கட்டும்.

மாலையில் என் கை வேறொருத்தியின் கை.
அவளுக்காக நான்காம் பொத்தானில்
பழைய பதினெட்டை அழிக்காமல் வைக்கச் சொன்னேன்.
"இவ்வளவு பாடுபட்டு இதையா?" என்றான்.
ஆமாம், இதைத்தான்.

ஏரிப்பக்கம் ஒதுங்குவது முழுசாய்ப் போகவில்லை.
இடது டயரில் காற்று குறைவு என்கிறான்,
அடுத்த சனிக்கிழமை பார்ப்பானாம்.

திங்கட்கிழமை, சுப்பீரியர் தெரு சிக்னல்.
இருபதிலிருந்து இறங்கி எண்ணும் விளக்கு.
பூச்சியம் வரும்போது
பாதித் தெருவில் இருப்பேன் வழக்கமாக,
முதல் கார்க்காரர் பெருந்தன்மையாகக் கையசைப்பார்.
நானும் சிரித்துவைப்பேன்.
இன்று அக்கரை ஏறி
நடைபாதையில் ஒரே வீச்சில் திரும்பி
வந்த வழியைப் பார்த்தேன்.

ஏழு.
ஆறு.
காலித் தெருவுக்கு
அது எண்ணிக்கொண்டிருந்தது.