குறிகட்டுவான் படகு

படகேறும்போது ஒரு பையை வாங்கி
தளத்தின் கீழே வைத்தான் அந்தப் பெடியன்.
மற்றதைத் தரமாட்டேன் என்றேன்.
மடியில் இறுக்கிக்கொண்டேன்:
நுண்கடன் புத்தகம், மகனின் ஸ்கேன் படம்,
கொழும்பு ஏஜென்சிக்காரன் எழுதித் தந்த துண்டு,
அர்ச்சனைக்கு ஒரு தேங்காய்.

சோளகம் அடித்தது. படகு ஒருபக்கம் சரிய
எல்லோரும் "அம்மாளாச்சி" என்றார்கள்.
நான் வாய் திறக்கவில்லை.
பல்லைக் கடித்து, குதிக்காலை ஊன்றி
பலகையை மிதித்துக்கொண்டிருந்தேன்,
காலை எடுத்தால் படகு தாழ்ந்துவிடும் என்பதுபோல.

பெடியன் கண்டுவிட்டான்.
"அக்கா, காலைத் தளர விடுங்கோ.
நீங்கள் மிதிச்சோ இது மிதக்குது?"

முதலில் சிரிப்பு வந்தது.
மூன்று வருடமாய், இரவு இரண்டு மணிக்கு,
வீட்டுக் கூரையையும் நான்தான் பிடித்திருந்தேன்,
விடியலையும்.

நயினாதீவில் இறங்கி, நாகபூஷணி,
உன் முன்னால் நின்று ஒன்றும் கேட்கவில்லை.
தேங்காய் உடைந்தது. அவ்வளவுதான்.
செவ்வாய்க்கிழமை கடன்காரன் வருவான்.
வரட்டும், கட்டக்கூடியதைக் கட்டுவேன்.
மிச்சத்தை உன்ர கடலில் எறிந்துவிட்டேன் என்று
பொய் சொல்லமாட்டேன்,
இன்னும் கனக்கிறது.

ஆனால் திரும்பும் படகில்
இரண்டு பையையும் அவனிடம் நீட்டினேன்.
கால்கள் பலகையில் சும்மா கிடந்தன.

ஆரோ தோளில் தட்டினார்கள்:
"இறங்குங்கோ, கரை வந்திட்டுது."

எப்போது நித்திரை கொண்டேன்?
அவ்வளவு கடலுக்கும்
ஆர் விழித்திருந்தது?